அம்மா ஆட்டம் பார்க்க வந்தபோது

டென்னிசில் இப்போது ஒரு சட்டம் மாறியிருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பாயிண்டுகளுக்கு நடுவில், கேலரியில் இருக்கும் பயிற்சியாளர் ஆட்டக்காரியிடம் பேசலாம். தேனியில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு வந்து, "அப்ப ஒங்க காலத்துல யாரும் பேச மாட்டாகளா மிஸ்?" என்று கேட்டார்கள்.

"பேசக் கூடாது."

"பேசுனா?"

"தண்டனை."

அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நீங்க தண்டன வாங்கியிருக்கீகளா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் வந்து நின்றதால் அன்றைக்குச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. அதை முழுசாகச் சொல்வதென்றால் வேன் காத்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. உலகத் தரவரிசையில் அறுநூறுக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். அதுதான் என் உச்சம். அந்த இடத்தில் இருப்பவர்களை டிவியில் பார்க்க முடியாது. ரயில் நிலையங்களில் பார்க்கலாம். தன் உயரத்துக்கு ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பிளாட்பாரத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு பெண் நின்றால், அவள் எங்களில் ஒருத்தியாக இருக்கலாம்.

அப்பா எங்கள் மலையடிவாரத்து மின்நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்தார். ஊழியர் குடியிருப்பில், எந்தக் காலத்திலோ இஞ்சினியர்களுக்காகப் போட்ட சிமெண்ட் கோர்ட் ஒன்று வெடிப்பு விட்டுக் கிடந்தது. அப்பாவுக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஆசை; கூட ஆட ஆள் கிடைக்கவில்லை; என்னை இறக்கிவிட்டார். அது தொண்ணூற்றாறு. எனக்குப் பதினொரு வயது. அப்புறம் பம்ப் ஹவுஸ் சுவரில் தனியாகப் பந்தடிப்பு, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, சென்னையில் ஒரு பயிற்சி மையம், விடுதி வாழ்க்கை. எல்லா ஆட்டக்காரிகளின் கதையும் இந்தக் கட்டத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். பதினேழு வயதில் தொழில்முறைப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

அம்மா கோர்ட் பக்கமே வந்ததில்லை. நானும் அப்பாவும் ஆடிவிட்டு வந்தால், யார் ஜெயித்தது என்றுகூடக் கேட்க மாட்டாள். "காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் டென்னிசுக்கும் உள்ள சம்பந்தம்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது கடைசிப் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாதே. அப்பாவின் பெயரை எழுதினோம். அதிலிருந்து வீட்டில் செல்வி, கோர்ட்டில் 'மிஸ் பெருமாள்'. நடுவர்கள் எங்களைக் கடைசிப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நான் ஒரு கேம் ஜெயித்தால் "கேம், பெருமாள்" என்று சத்தமாக அறிவிப்பார்கள். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. "நாடு நாடா எம்பேர ஏலம் போடுறாக" என்று சிரிப்பார்.

நான் தனியாகப் போன முதல் தொழில்முறைப் போட்டி மும்பையில். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தகுதிச் சுற்று ஆடுபவர்கள் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். என் ரயில் தாமதம். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, சூப்பர்வைசர் அறையில் ஒரு பெண்மணி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். நரைத்த குட்டை முடி, காக்கிக் கால்சட்டை, ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூ. ரோஷன் மேடம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு போட்டியில் விதி சம்பந்தமான எதற்கும் கடைசி வார்த்தை சூப்பர்வைசருடையதுதான்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

"ரயில் தாமதம், மேடம்."

"தெரிகிறது மிஸ் பெருமாள். ஆனால் ஆறு மணி ஆகிவிட்டது."

நான் அழுதேன். அவர் சமாதானமும் சொல்லவில்லை, எரிச்சலும் படவில்லை. டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் அறிவிப்புப் பலகையில் என் பெயரை எழுதினார். 'பயிற்சி ஜோடி தேவைப்படுபவர்கள் மிஸ் பெருமாளைக் கேட்கலாம்.' அந்த வாரம் முழுக்க, ஜோடி இல்லாமல் நின்ற ஆட்டக்காரிகளுக்கு எதிரே நின்று பந்தடித்தேன். போட்டியில் ஆடியிருந்தால்கூட அவ்வளவு கற்றிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவரைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், ஒரு மரக்கோலைக் கொண்டு வலையின் நடு உயரத்தைத் தானே அளப்பார். இறுதி ஆட்டம் நடக்கப்போகும் கோர்ட்டையும் ஓரத்தில் கிடக்கும் நாலாம் நம்பர் கோர்ட்டையும் ஒரே மாதிரிக் குனிந்து அளப்பார். எந்த ஆட்டக்காரியோடும் சேர்ந்து சாப்பிட மாட்டார். முதல் இடத்தில் இருப்பவளும் அவருக்கு மிஸ்தான், பெயர் தெரியாதவளும் மிஸ்தான். கோர்ட்டில் என்ன கலவரம் நடந்தாலும் நடந்துதான் வருவார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு போட்டி. ஜெயிக்கிற ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் கிளம்புவோம். தோற்ற அன்றே அறையைக் காலி செய்தால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்பதால், வியர்வை காயாத துணியோடு பஸ் ஏறுவோம். அறையை யாரோ ஒரு பெண்ணோடு பகிர்ந்துகொள்வோம். அவள் பேசுவது எனக்குப் புரியாது. நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ராத்திரி யார் முதலில் விளக்கை அணைப்பது என்பதைச் சைகையில் பேசிக்கொள்வோம். வாளியில் சாக்ஸை ஊறவைத்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுப்போம். நாளைக்கு அவளோடே மோத வேண்டியிருக்கும். அதனால் சிநேகமும் ஓர் அளவோடு நின்றுவிடும்.

கோர்ட்டுக்குள் இன்னும் மோசம். காலில் அடிபட்டாலும், எதிரில் இருப்பவள் உன்னை ஓட ஓட விரட்டினாலும் ஒரு மனிதக் குரல் உன் பக்கம் திரும்பாது. நடுவர் எண்களைச் சொல்வார். பக்கம் மாறும்போது நாற்காலியில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொள்வேன். துண்டுக்குள் நானே என்னோடு தமிழில் பேசுவேன். சில வாரங்களில் நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலில் அப்பா இறந்துபோனார். வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் வந்து முகம் பார்த்தேன். காரியம் முடியும் வரை இருந்தேன். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காமயகவுண்டன்பட்டியில் அப்பா பங்குக்கு வந்த ஒரு திராட்சைத் தோட்டமும் அதில் ஒரு சின்ன வீடும் இருந்தன. அம்மா அங்கே போனாள். வீடு ஊரை விட்டு விலகித் தோட்டத்துக்குள் இருந்தது. குடியிருப்பில் சுவருக்குச் சுவர் ஆள் இருந்து பழகியவள் அவள். அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை.

"நான் இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"நீ போ ஆத்தா. அவுக ஆசப்பட்டாகள்ல" என்றாள்.

போய்விட்டேன். நடுவர்கள் வழக்கம்போலக் "கேம், பெருமாள்" என்றார்கள். முதல் சில மாதங்கள் அந்த அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் அடுத்த பந்தைத் தவறவிட்டேன். பிறகு, அதைக் கேட்பதற்காகவாவது ஒரு கேம் எடுக்க வேண்டும் என்று ஆடினேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அம்மா போனில், "அடுத்து எந்த ஊருக்குப் போற?" என்றாள். நாக்பூர் என்றேன்.

"நானும் வாரேன்."

"அங்க வந்து என்னம்மா செய்யப்போற?"

"நீ என்னதேன் செய்யிறன்னு ஒரு தடவ பாக்கணும்."

மதுரையில் ரயிலேறினோம். ஒரு கூடை நிறையப் பன்னீர் திராட்சையை, இலையைப் போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியில் யார் ஏறினாலும் ஒரு கொத்து கொடுப்பாள். தெலுங்குக்காரர்களிடமும் இந்திக்காரர்களிடமும் மலையாளத்தில் பேசினாள். குமுளிச் சந்தைக்குத் திராட்சை கொண்டுபோய்ப் பழகியவள். தமிழ் தெரியாதவர்களுக்கெல்லாம் மலையாளம் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஆனால் என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரயிலில் வாய் மூடி வருவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

நாக்பூரில் ரோஷன் மேடம்தான் சூப்பர்வைசர். எனக்கு அந்த வாரம் ஆட்டம் நன்றாக வந்தது. முதல் இரண்டு சுற்றும் காலையிலேயே நடந்தன. அம்மா அறையில் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய் ஜெயித்துவிட்டு வந்தேன். கால் இறுதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்; மிச்சத் திராட்சையோடு கூடையையும் எடுத்துக்கொண்டாள். அதை ஜெயித்தால் என் வாழ்க்கையில் முதல் அரையிறுதி. கிடைக்கிற புள்ளிகளால் தரவரிசை ஏறும். அடுத்து எகிப்திலும் தாய்லாந்திலும் நடக்கவிருந்த போட்டிகளில் தகுதிச் சுற்று ஆடாமல் நேராகவே நுழையலாம். தோற்றால் மறுபடி கையெழுத்துப் போட வரிசையில் நிற்க வேண்டும்.

"அமைதியா இருக்கணும்மா" என்று சொல்லிவைத்தேன்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றாள்.

எதிரில் ஆடியது பதினேழு வயது வெளிநாட்டுப் பெண். நல்ல உயரம். அவளோடு ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் அவர் தொப்பியை முன்னால் இழுத்தால் ஒரு பக்கம், பின்னால் தள்ளினால் இன்னொரு பக்கம் அடிப்பாள். எங்களுக்கெல்லாம் தெரியும். நிரூபிக்கத்தான் முடியாது, வெயிலுக்குத் தொப்பியைச் சரிசெய்தேன் என்பார்.

முதல் செட்டை அவள் எடுத்தாள். அதில் நான் எடுத்த முதல் கேமில் நடுவர் "கேம், பெருமாள்" என்றதும் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். கேலரியில் பத்துப் பேர்கூட இல்லை. அம்மா தன் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்தவள், மெல்ல உட்கார்ந்தாள். இரண்டாவது செட் என்னுடையது. அந்தப் பெயர் அதிகமாகவே ஒலித்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

மூன்றாவது செட்டில், ஆளுக்கு இரண்டு கேம் எடுத்திருந்தபோது, என் வலது பாதத்தில் இருந்த கொப்புளம் உடைந்தது. வலி புதிதில்லை. ஆனால் அன்றைக்குப் போட்டிருந்தது வெள்ளை ஷூ. முன்பக்கத்தில் சிவப்பு பரவ ஆரம்பித்தது. ஒரு பந்துக்கு ஓடி, பிடிக்க முடியாமல், முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"செல்வி! போதும்த்தா! வா, போவோம்!"

நாலைந்து வருஷமாகக் கோர்ட்டுக்குள் என்னை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. என்னையறியாமல் அவள் பக்கம் திரும்பி இரண்டடி எடுத்துவைத்துவிட்டேன். அதற்குள் தொப்பிக்காரர் எழுந்து நடுவரைப் பார்த்துக் கையை விரித்தார். நடுவர் சின்னப் பையன், நல்லவர்தான். வெளியிலிருந்து யோசனை சொன்னதாக விதிப்படி எச்சரித்தார்: "கோட் வயலேஷன், கோச்சிங், வார்னிங், மிஸ் பெருமாள்."

குரல் கடுமையாக இருந்தது அம்மாவுக்குப் புரிந்தது. பெயரும் புரிந்தது. வேறெதுவும் புரியவில்லை.

"அவுகள எதுக்கு வையிறீக?" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினாள். "செத்துப்போன மனுசன் ஒங்கள என்ன பண்ணுனாக?"

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

ரோஷன் மேடம் வழக்கம்போல நடந்து வந்தார். முதலில் நடுவரிடம் கேட்டார். அடுத்துத் தொப்பிக்காரர் சொன்னதை, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், முழுசாகக் கேட்டார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"உங்கள் அம்மா என்ன சொன்னார் மிஸ் பெருமாள்? அவர் சொன்ன வார்த்தைகள் மட்டும் போதும்."

தமிழ் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னாள் என்றுகூட நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவும் தோன்றவில்லை.

"'போதும், வா, போவோம்' என்றார்."

"எங்கே?"

"வீட்டுக்கு."

அவர் என் ஷூவைப் பார்த்தார். கேலரியைப் பார்த்தார். அம்மா கம்பித் தடுப்பு வரைக்கும் இறங்கி வந்துவிட்டிருந்தாள். ரோஷன் மேடம்தான் பெரிய ஆள் என்று தெரிந்துகொண்டு, என் காலைக் காட்டி, "சோர! சோர!" என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் என்கிறாள்.

ரோஷன் மேடம் என்னிடம் திரும்பி, "நீங்கள் போகிறீர்களா?" என்று கேட்டார்.

விதிப்படி அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆட்டத்திலிருந்து விலகுகிறாயா என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தோற்றபோதெல்லாம் அடுத்த ஊர் எது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். போகலாம் என்று வாய் வரை வந்தது. அந்த வெயிலில், அந்தக் காலோடு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்து போகலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்தச் சின்னப் பெண் வலைக்கு அந்தப் பக்கம் நின்று ராக்கெட்டின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளும் தனியாகத்தான் நின்றாள்.

"இல்லை மேடம். ஆடுகிறேன்."

"அப்படியானால், ஆட்டத்தை நிறுத்து என்று அவர் சொன்னதும் பயிற்சியாளர் சொல்லும் யோசனை மாதிரிதான். எச்சரிக்கை அப்படியே இருக்கும். இனி அவர் உங்களிடம் பேசினால் ஒரு பாயிண்ட் போகும். அதற்கு மேலும் பேசினால் ஒரு கேம் போகும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆறு மணி என்றால் ஆறு மணிதான்.

பிறகு சொன்னார்: "விதியை அவருக்கு நீங்களே சொல்லுங்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். தலையசைத்தார். அம்மாவிடம் போனேன்.

"அம்மா, ஆட்டம் முடியிற வரைக்கும் நீ எங்கூடப் பேசக் கூடாது. பேசுனா எனக்கு நட்டம்."

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். பதில் சொல்வதும் பேச்சுத்தான் என்று அந்தக் கணமே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே பின்னால் நகர்ந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிசியோ வந்து காலில் கட்டுப்போட்டார். வேலை முடிந்ததும் தன் அறைக்குப் போய்விடும் ரோஷன் மேடம் அன்றைக்குப் போகவில்லை. படியேறிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கேலரியில் உட்கார்ந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அம்மா மறுபடி பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளப் போனாரா, வேறு எதற்காகவா, தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்ச ஆட்டம் என் நினைவில் துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. ஓடி ஆட முடியாது என்பதால் ஒவ்வொரு பந்தையும் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன். பயந்து பயந்து ஆடுகிறவள் நான். அன்றைக்குக் கோட்டைப் பார்த்து அடித்தேன். பாதி வெளியே போயிற்று, பாதி உள்ளே விழுந்தது. தொப்பிக்காரரின் தொப்பி முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அவரைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று குழம்பிப்போனாள். ஏழுக்கு ஐந்து என்று முடிந்தது. கடைசிப் பந்தை அவள் வலையில் அடித்தாள். கைகொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "நன்றாக ஆடினாய்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஆட்டம் முடிந்ததே தெரியவில்லை. வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். ரோஷன் மேடம் எழுந்து, என்னைச் சுட்டிக்காட்டி, இரண்டு கையையும் மெதுவாகத் தட்டிக் காட்டினார். அம்மா கூடையிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஆட்டக்காரிகளிடமிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காதவர் அவர். அதிலிருந்து ஒரே ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கொத்தைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அறைக்கு வந்த பிறகும் அம்மா பேசவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து வந்து என் காலை மடியில் வைத்துக் கழுவினாள்.

"அம்மா, ஆட்டம் முடிஞ்சிருச்சு. இனிப் பேசலாம்."

காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என்னத்தப் பேச? அங்கன தோட்டத்துல பொழுது சாஞ்சா நானும் அந்த மோட்டாருந்தேன். மோட்டார் ஓடுனா அது ஒரு சத்தம்னு கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். கரண்டு போனா அதுவும் இல்ல. வேலைக்கு வாரவுக பொழுதோட போயிருவாக. அப்புறம் விடியிற மட்டும் யாருகூடப் பேச? ஒங்கூடப் பேசலாம்னுதேன் ரயிலேறி வந்தேன். இங்கன வந்தா, பேசுனா ஒனக்கு நட்டம்கிறீக."

இத்தனை வருஷமும் தனியாக இருப்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காவது விளக்கை அணைக்க எதிர்க் கட்டிலில் ஒருத்தி இருந்தாள்.

"நான் வந்திரட்டுமாம்மா?" என்றேன்.

"வான்னு நான் சொல்லல. நீ ஆடு. அவுக பேர அத்தன பேரு முன்னால சத்தமாச் சொல்றாக. கேக்க நல்லாத்தேன் இருந்துச்சு." கட்டை இறுக்கிவிட்டு, "கால்ல ரத்தத்தப் பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியாதுல்ல ஆத்தா, அதுக்குச் சொன்னேன்" என்றாள்.

மறுநாள் அரையிறுதியில் தோற்றேன். கால் வீங்கியிருந்தது. அம்மா கோர்ட்டுக்கு வரவில்லை. வந்தால் வாய் சும்மா இருக்காது என்று அறையிலேயே இருந்துகொண்டாள். திரும்பி வரும்போது ரயிலில் அம்மாதான் பேசினாள், மதுரை வரைக்கும். எந்தப் பந்தலில் நோய் விழுந்தது, குச்சனூர்க் கோயிலுக்குப் போன ஒரு சனிக்கிழமையில் எப்படி மழையில் மாட்டினாள், மழையில் பழம் வெடித்து ஒரு அறுப்பே வீணாய்ப் போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டேன்.

அடுத்து எகிப்துக்குக் கிளம்பினேன். நேராகவே இடம் கிடைத்திருந்தது, விட மனமில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டேன். நம் ஊரில் பொழுது சாயும் நேரம் பார்த்து, எங்கே இருந்தாலும் அம்மாவுக்குப் போன் போடுவேன். காலிங் கார்டு வாங்கிக்கொண்டு பூத்தைத் தேடி அலைந்திருக்கிறேன். அம்மா பேசுவாள், நான் 'ம்' போடுவேன். ஜெயித்தாயா என்று அப்போதும் கேட்க மாட்டாள். "காலு எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். அறையிலிருந்தே பேசும் நாட்களில், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்கள் நான் யாரோ காதலனோடு பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஆட்டத்தை விட்டேன். முழங்கால் போய்விட்டது. எங்களைப் போன்றவர்கள் ஓய்வு பெறுவதற்கு மாலை, மேடை எதுவும் கிடையாது. அடுத்த வாரப் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருந்தால் ஓய்வு பெற்றாயிற்று. கடைசி ஆட்டத்தைத் தோற்று முடித்துக் கைகொடுத்தபோது, அதுதான் கடைசி என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இனிமேல் நாள் முழுக்க அம்மாவோடு பேசலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் பொழுது சாய்ந்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. சோறு போடுவாள்; சாப்பிடுவேன். "கொழம்பு ஊத்தவா?" என்பாள். "போதும்மா" என்பேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், நிறுத்திவிடுவாள். சில நாட்கள் இப்படியே போயிற்று. நாம் வந்ததே தப்போ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், அடுப்படியில் நின்றபடி அம்மா சொன்னாள்: "ஏத்தா, ஒம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்குப் பேச வரமாட்டேங்குது. நீ அப்பிடியே தோட்டத்துக்குள்ள போயி ஒரு போனப் போடு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். பந்தலுக்குக் கீழே, கொத்துகள் தலையில் இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டு எண்ணை அழுத்தினேன். அடுப்படி ஜன்னல் வழியாக அம்மா தெரிந்தாள். போன் அடித்ததும் கையை முந்தானையில் துடைத்தாள். அவசரப்படாமல் எடுத்தாள்.

"அலோ, யாரு?"

"நாந்தேன்மா."

"எங்கன இருக்க?"

"பக்கத்துலதேன்மா."

"காலு வலிக்குதா?"

"இல்லம்மா."

ஜன்னலுக்குள் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தாள்.

"அப்பச் சரி, கேளு" என்று ஆரம்பித்தாள்.